மன்னார் வளைகுடாவுக்கு ஒரு நாள் – போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு



விடுமுறை வந்துவிட்டால் எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சுதான். எங்கே போகலாம்? ராமேஸ்வரம் என்று முடிவானால் கோவில், தனுஷ்கோடி, பாம்பன் பாலம் என்று மூன்று இடங்களோடு திட்டம் முடிந்துவிடும். போகிற வழியில் வலது பக்கம் தெரிகிற கடலை யாரும் ஓர் 'இடமாக' நினைப்பதே இல்லை. ஆனால் அந்தக் கடல் சாதாரணக் கடல் அல்ல. அது ஒரு தேசியப் பூங்கா. முதுமலை, கிண்டி போல இதுவும் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பூங்காதான். மரங்களுக்குப் பதில் பவளப்பாறைகள், மான்களுக்குப் பதில் கடல் பசுக்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பூங்காவைப் பற்றிச் சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "தீவில் இறங்க விடுவார்களா?" என்பதுதான். பெரும்பாலான தீவுகளில் விடமாட்டார்கள். "ஏன்?" என்பது இரண்டாவது கேள்வி. அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை. பதில் வரலாற்றில் இருக்கிறது. கடைசியில் ஒரு நாள் பயணத்துக்கான திட்டமும் இருக்கிறது, அவசரக்காரர்கள் நேராக அங்கே போகலாம் :-)

21 தீவுகள்

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை சுமார் 140 கி.மீ. நீளத்துக்கு, கரையிலிருந்து பத்து கி.மீ.க்குள், சங்கிலி போல 21 குட்டித் தீவுகள். தூத்துக்குடி பக்கம் 4, வேம்பார் பக்கம் 3, கீழக்கரை பக்கம் 7, மண்டபம் பக்கம் 7. இவற்றைச் சுற்றித்தான் பவளப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன. இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கி.மீ. பரப்பை 1986-ல் தமிழக அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-ல் இதையும் சேர்த்து 10,500 சதுர கி.மீ. கடல் பகுதி உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-ல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம் பெற்றது.

தீவுகளின் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, முயல் தீவு, வாழைத் தீவு, ஆனைப்பார், காரைச்சல்லி, விலாங்குசல்லி... எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எங்கே கிடைக்காது, எங்கே பாறை, எங்கே உடைந்த கல் என்று பெயரே சொல்லிவிடுகிறது. வரைபடம் வரைந்தவர்கள் வைத்த பெயர்கள் அல்ல இவை. அங்கே படகை நிறுத்தி, சோறு பொங்கி, வலை காய வைத்த மீனவர்கள் வைத்த பெயர்கள். பூங்கா என்ற சொல் இங்கே வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இது ஆட்கள் புழங்கிய இடம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

முத்துக்காக வந்தவர்கள்

இந்தக் கடலின் பழைய புகழ் முத்துதான். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த கொற்கை, பாண்டியரின் துறைமுகம். சங்கப் பாடல்களில் கொற்கை முத்து அடிக்கடி வருவதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற நூலும் இந்த முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. அதில் ஒரு செய்தி நம்மைத் தூக்கிவாரிப்போடும். முத்துக்குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு செய்தார்களாம்! கழுத்தில் போடும் முத்தைப் பற்றிப் பாடப் பல புலவர்கள் இருந்தார்கள். மூச்சடக்கி மூழ்கியவர்களைப் பற்றி ஒரு வெளிநாட்டுக்காரரும் ஒரு வரி எழுதிவைத்தார்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தார். ஏப்ரல், மே மாதங்களில் முத்துக்குளிப்பு நடப்பதை எழுதினார். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாக்கள் வராமல் மந்திரம் போடுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. சுறாவுக்கு மந்திரம் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிறவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கர் ஆனார்கள். அதற்குப் பின்னால் இருந்ததும் இந்த முத்துக்கடல் யாருக்கு என்ற சண்டைதான். 1658-ல் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அப்புறம் ஆங்கிலேயர். கொடி மாறிக்கொண்டே இருந்தது, முறை மட்டும் மாறவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் மூழ்கி எடுத்தவர்களுக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி. சிப்பிப் படுகைகள் பழையபடி தேறவில்லை. ஈராயிரம் வருடமாக நடந்த ஒரு தொழில் அதோடு முடிந்தது. பிறகு 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் செயற்கையாக முத்து வளர்த்துக் காட்டினார்கள். அது நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் மூழ்குகிறவர்களுக்கு அதில் வேலை இல்லை.

நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர்கள்

1880-களில் இன்னொரு வகை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ராமேஸ்வரத்தையும் சுற்றியுள்ள தீவுகளையும் சுற்றி உயிரினங்களைச் சேகரித்தார். (தென்னிந்திய சாதிகள் பற்றிப் பல தொகுதிகள் எழுதினாரே, அதே தர்ஸ்டன்தான்!) பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் முத்துப் படுகைகளைப் பற்றி 1905-ல் அறிக்கை கொடுத்தார். 1914-ல் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே பெண்கள் கையில் வளையலானது அவரால்தான் விரிவாகப் பதிவானது.

பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குருசடைத் தீவு இவர்களுக்கெல்லாம் செல்லப்பிள்ளை. 1927-ல் சென்னை அருங்காட்சியகம் அந்த ஒரு தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி மட்டும் ஒரு தனி வெளியீடு கொண்டுவந்தது. விலங்கியல் படிக்கிற நண்பர்களுக்கு பலனோகிளாசஸ் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவே வைத்துப் பாடம் நடத்துவார்களே, அந்தப் புழு. அது கிடைக்கும் இடம் என்று கல்லூரிகளில் குருசடைக்குப் பெரிய பெயர்.

1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 வரை மண்டபத்தைத்தான் தலைமையிடமாக வைத்திருந்தது. அதன் பிறகு கொச்சிக்கு மாறியது. 1969 ஜனவரியில் பவளப்பாறைகள் பற்றிய ஒரு பெரிய கருத்தரங்கு மண்டபத்தில் நடந்தது. உலக அளவில் பவளத்துக்காகக் கூடிய முதல் கூட்டங்களில் அது ஒன்று. இன்று பெரிய பெரிய நாடுகளில் நடக்கும் பவள மாநாடுகளுக்கு முன்னோடி நம்ம ஊர் மண்டபம்!

உடைத்து விற்ற காலம்

இங்கேதான் கதையில் வருத்தமான பகுதி வருகிறது. விஞ்ஞானிகள் மண்டபத்தில் பவளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், சற்றுத் தள்ளி அதே பவளத்தைக் கடப்பாரையால் உடைத்துப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பவளப்பாறை என்பது சுண்ணாம்புதான். சின்னச் சின்ன உயிரிகள் கூடி, வருடத்துக்குக் கொஞ்சமாகக் கட்டுகிற சுண்ணாம்பு வீடு. அது சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது, சிமெண்டுக்குப் போனது, கால்சியம் கார்பைடு தயாரிக்கப் போனது, கட்டடக் கல்லாகவும் போனது.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கல்லில் பூப் பூவாகக் குழிகள் தெரியும். அது பவளக் கல். எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம், கல்லைப் பார்ப்பதில்லை.

விளைவு என்ன? 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. தூத்துக்குடி பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி. சுற்றியிருந்த பவளப்பாறைதான் அலைக்குத் தடுப்பு. தடுப்பை எடுத்தால் அலை நேராகத் தீவில் மோதும், மணல் அரிக்கும், ஒரு நாள் தீவே இருக்காது. கடல் மட்டம் உயர்வதும் சேர்ந்துகொண்டது. தூத்துக்குடி அருகே வான் தீவும் அதே கதிக்குப் போய்க்கொண்டிருந்தது. 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றி வருகிறார்கள். கடல் இலவசமாகக் கட்டிக்கொடுத்த சுவரை விற்றுவிட்டு, இப்போது காசு கொடுத்து கான்கிரீட் சுவர் வாங்கி வைக்கிறோம் என்று சொல்லலாம்.

1986-ல் பூங்கா அறிவித்தவுடன் இது நின்றுவிட்டதா என்றால் இல்லை. 2001-ல் பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாவற்றையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி. கடல் என்ன செய்யும் என்று எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். 2005 வாக்கில்தான் பவளம் உடைப்பது ஓய்ந்தது.

பூங்கா வந்தது... யாருக்கு?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தீவில் ஏன் இறங்க விடுவதில்லை? காரணம் நமக்குப் புரிகிறது. இரண்டு தீவுகளை இழந்த பிறகு மிச்சம் 19-ஐயாவது காப்பாற்ற வேண்டும். சரிதான். ஆனால் இந்தத் தடையின் சுமை யார் தலையில் இறங்கியது என்று பார்த்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் பல பத்தாண்டுகளாகக் கடற்பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று வகை உண்டு. இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, முங்கி, பாறை இடுக்கிலிருந்து கையால் பறிப்பார்கள். கையில் துணி சுற்றிக்கொள்வார்கள், கண்ணில் கண்ணாடி. ஐஸ்கிரீமிலும் மருந்திலும் ஜெல்லி போலச் சேர்க்கும் அகர் மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து வருகிறது. நாம் தினமும் சாப்பிடுகிறோம், எடுத்தவர் யார் என்று தெரியாது. அவர்கள் பாசி எடுக்கும் இடம் இந்தத் தீவுகளின் ஓரம். பூங்கா எல்லை வந்ததும் அவர்கள் அத்துமீறுபவர்கள் ஆகிவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குள் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுப்பதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர நேரம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன! அவர்களின் தலைவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. தீவுகளைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அது. ஒரு பக்கம் அத்துமீறுபவர், இன்னொரு பக்கம் காவலர்!

கடல் அட்டை கதையும் இப்படித்தான். பல நூற்றாண்டுகளாக இங்கிருந்து அவித்துக் காய வைத்துச் சீன வியாபாரத்துக்குப் போன பொருள். 2001-ல் ஒரே உத்தரவில் அது குற்றமானது. எதிர்க்கரையான இலங்கையில் இன்றும் அது அனுமதி பெற்ற தொழில். நடுவில் இருப்பது ஒரே கடல்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாசி எடுப்பவர்களுக்கு மாற்றுத் தொழில் என்று கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியைக் கரையோரம் வளர்க்க ஊக்கம் கொடுத்தார்கள். 2008-ல் அது தப்பிப் போய்க் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேலேயே போர்வை போல மூடி வளர்வதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதை இன்றும் கையால் பிடுங்கி அகற்ற வேண்டியிருக்கிறது.

ஆக, பவளத்தை விற்றுச் சம்பாதித்தவர்கள் போய்விட்டார்கள். தடை மட்டும் கரையில் இருப்பவர்களோடு தங்கிவிட்டது. பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூங்கா இல்லாவிட்டால் இன்னும் எத்தனை தீவு போயிருக்குமோ. ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு படகில் போகிற நாம், அந்தத் தண்ணீரில் நின்று வேலை செய்தவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டு போவது நியாயம் என்றுதான் சொல்கிறேன்.

சரி, ஒரு நாள் திட்டம்

எப்போது போவது: ராமேஸ்வரம் பக்கம் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான முதலாவதைப் பெண் கடல் என்றும், அலையடிக்கும் இரண்டாவதை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் பக்கம் கொந்தளிப்பாக இருக்கும், தண்ணீரும் கலங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் முரடாகிவிடும். குழந்தைகளோடு போவதென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஏப்ரல், மே வெயிலில் நமக்கும் கஷ்டம், பவளத்துக்கும் கஷ்டம். 2010, 2016 வருடங்களில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்ததும் கோடையில்தான்.

காலை: மதுரையிலிருந்து மண்டபம் சுமார் 150 கி.மீ. அதிகாலையில் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் போய்விடலாம். முதலில் மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம். நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பவளம், கடல் அட்டை எல்லாம் என்ன என்று இங்கே காட்டிவிட்டால், பிறகு படகில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

முற்பகல்: பாம்பன் சாலைப் பாலத்தில் போகும்போது ரயில் பாலத்தையும் பார்க்கலாம். 1914-ல் திறந்த பழையதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதியது. பாலம் தாண்டியதும் குந்துகால். விவேகானந்தர் 1897-ல் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய துறை. இங்கிருந்து வனத்துறை படகில் குருசடைத் தீவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். காற்று சரியில்லை என்றால் படகு கிடையாது, அவர்களோடு சண்டை போட வேண்டாம். தாத்தா, பாட்டி கூட வந்தால் படகில் ஏறி இறங்கக் கை பிடிக்க ஒருவர் இருக்கட்டும். மருந்து, தொப்பி, தண்ணீர் அவசியம். கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் திரும்பி வர வேண்டும்.

மதியம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கிடைப்பது நாட்டுப்படகு மீன்தான், விலை கூடத்தான் இருக்கும். பேரம் பேசாமல் சாப்பிடுங்கள்.

மாலை: தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் அழித்த ஊர். தேவாலயச் சுவரில் பவளக் கல்லைப் பார்க்க மறக்காதீர்கள்.

வாங்கக் கூடாதவை: பவளத் துண்டு எதுவும் கூடாது, செத்ததாக இருந்தாலும் சட்டப்படி குற்றம். சிப்பிகளிலும் சில வகை தடை செய்யப்பட்டவை. கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது" என்பார். அது எது என்று நமக்குத் தெரியாது என்பதால் வாங்காமல் இருப்பதே மேல்.

முடிவாக

கடல் பசுவை அங்குள்ளவர்கள் ஆவுளியா என்பார்கள். 2022-ல் பாக் நீரிணையில் 448 சதுர கி.மீ. பரப்பை அதற்காகவே காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். ஒரு நாள் பயணத்தில் அதை நீங்கள் பார்க்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். முத்தும் பார்க்க முடியாது. மூழ்கிப்போன இரண்டு தீவுகளையும் பார்க்க முடியாது. ஆனால் அலை குறைந்த நேரத்தில் பாம்பன் பக்கம் கரையில் நின்றால், தண்ணீருக்குள் குனிந்து பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் "அவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல உங்களுக்கு இப்போது விஷயம் இருக்கிறது.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.